அஞ்சாபுலியின் பேட்டரி

நெஞ்சுக்குள் மிஷினை வைத்துத் தைத்து அனுப்புவது டாக்டரின் வேலை. அது ஓடுகிறதா, ஓடுகிறதா என்று அதற்கப்புறம் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது எங்கள் வேலை.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நான் இதைத்தான் செய்தேன். பேர் ஸ்டெல்லா. வீடு முத்தியால்பேட்டையில். பேஸ்மேக்கர் டெக்னீஷியன். நர்ஸ் கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். முதல் ஐந்து வருஷம் திருத்திப் பார்த்தேன். “சரிங்க சிஸ்டர், இனிமே அப்படிக் கூப்பிடல சிஸ்டர்” என்றார்கள். போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதயம் சரியான வேகத்தில் துடிக்காதவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மிஷினை வைப்பார்கள். அதிலிருந்து ஒரு வயரோ இரண்டு வயரோ இதயத்துக்குள் போகும். இதயம் துடிக்க மறந்தால் மிஷின் ஒரு தட்டு தட்டி ஞாபகப்படுத்தும். எங்கள் அறைக்கு வந்து படுத்தால், கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒன்றை நெஞ்சின்மேல் வைப்பேன். பேட்டரி எவ்வளவு மிச்சம், வயர் சரியாக இருக்கிறதா, இதயம் தானாக எவ்வளவு துடித்தது, மிஷின் எவ்வளவு தட்டியது, எல்லாம் திரையில் வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆளை வரவைப்பதற்குள்தான் நமக்கு உயிர் போய் உயிர் வரும். பேட்டரி எட்டு, பத்து வருஷம் ஓடும். அது தீரப்போகிற நேரத்தில் ஆள் வராமல் போனால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “கட்டாயம் வந்துடுங்க” என்று தினம் நூறு தடவை சொன்னவர்கள் யாராக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. புது மிஷின்கள் ராத்திரி ஆள் தூங்கும்போது போன் வழியாகத் தாங்களே விவரம் அனுப்பிவிடுகின்றன. நல்ல விஷயம்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் என் அறை வாசலில் இருந்த அந்த பெஞ்சு, அதில் உட்கார்ந்து பேசியே கழுத்தறுத்த ஜனங்கள், அதெல்லாம் நினைவுக்கு வந்தால் வீட்டில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முக்கியமாக அந்த பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர். அதிலும் முக்கியமாக நல்லவாடு அஞ்சாபுலி. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது என் கண்ணில் படாமல் ஓடி ஒளிந்து, ஒரு மழைக்காலம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்த மனுஷன் அவர்.

ஒரே நாளில் பிறந்தவர்கள்

ஒரு வியாழக்கிழமை எங்கள் டாக்டர் மூன்று பேருக்கு அடுத்தடுத்து மிஷின் வைத்தார். முதலில் முசே அந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்த சொல்தா. அடுத்து எங்கள் முத்தியால்பேட்டையிலேயே தையல்கடை வைத்திருந்த ராஜேஸ்வரி அக்கா. மூன்றாவது ஆள் அஞ்சாபுலி. மீன் பிடிப்பவர், அப்போது வயசு ஐம்பதுகூட ஆகவில்லை. கடற்கரையில் இரண்டு தடவை மயங்கி விழுந்து, இதயத்தில் மின்சாரம் இறங்கும் பாதையே அடைத்துப்போய்விட்டது என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் செக்கப் போட்டுக் கொடுத்தது நான்தான். என் வசதிக்காகச் செய்தேன். அது கடைசியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் தாமதமாக வந்தால் மற்ற இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வருஷா வருஷம் மிஷின் வைத்த தேதியைப் பிறந்தநாளாகவே கொண்டாடினார்கள். முசே கேக் வாங்கி வருவார். அக்கா ரவா லட்டு. அஞ்சாபுலி ஒரு மஞ்சள் பையில் கருவாடு கொண்டுவந்து, அதை நேராக என் மிஷின் மேஜையிலேயே வைப்பார். அந்த வாசனை இரண்டு நாளைக்கு ஏசியில் சுற்றும். பக்கத்து எக்கோ அறையிலிருந்து ஆள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போடும். ஏன்யா இதையே கொண்டுவருகிறீர்கள் என்று ஒரு தடவை எரிந்து விழுந்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“கேக்கு ஒரு நாள்ல கெட்டுடும், லட்டு நாலு நாள்ல கெட்டுடும். கருவாடு அடுத்த செக்கப் வரைக்கும் நிக்கும் சிஸ்டர்.”

இரண்டாவது வாரத்தில் வலை இழுத்தவர்

மிஷின் வைத்த புதிதில் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்வோம். வயர் உள்ளே பிடித்துக்கொள்ள ஆறு வாரமாவது வேண்டும். அஞ்சாபுலி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது வாரம் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்திருக்கிறார். வலை கனத்தது. கை சும்மா இருக்குமா? போய்ப் பிடித்துவிட்டார். வயர் நகர்ந்துவிட்டது. அங்கேயே விழுந்து, மறுபடி எங்களிடம் வந்து, மறுபடி ஆபரேஷன்.

எங்கள் டாக்டர் குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று மாதம் கடலுக்கே போகக்கூடாது, போனால் என்னிடம் வராதே என்றார். இந்தத் தடவை மனுஷன் அப்படியே கேட்டார். தினமும் விடியற்காலையில் கரைக்கு வந்து, படகு இறங்குகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போவாராம். இவர் இடத்தில் வேறொருத்தர் ஏறிப் போனார். பல வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கிவிடும்.

“நம்ம போட்டு போறத நாமளே கரையில நின்னு பாக்கறது இருக்கே, அதுக்கு மயக்கம் போட்டு உழுந்ததே தேவல சிஸ்டர்.”

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சீட்டு

முசே அந்துவானுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன். இங்கே அப்படி இருப்பவர்கள் நிறைய பேர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். முசே அதற்கென்றே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வைத்திருப்பார். அந்த வாரம் எங்கள் செக்கப்பும் சேர்ந்து வந்துவிட்டால் அதே சட்டையில் இங்கேயும் வருவார். இரண்டு பிள்ளை பெற்று, தலை நரைத்த என்னை, கல்யாணமாகாத சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி “மத்மசேல்” என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இந்த பூமியில் அவர்தான். கோபக்காரி என்று பேர் வாங்கின நான் அவரிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். திறப்பேனா பின்னே?

ஒரு தடவை செக்கப் முடிந்ததும், மிஷினிலிருந்து வருகிற அந்த நீளக் காகிதத்தை, இதயத்தின் கோடு ஓடுகிற காகிதத்தை, ஒரு கிழி கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டார். எதற்கு முசே என்றேன். சான்றிதழோடு சேர்த்து இதையும் காட்டப்போகிறேன் என்றார். அதெல்லாம் அங்கே செல்லாது என்று எவ்வளவோ சொன்னேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அவங்க என் மூஞ்சியப் பாத்து உயிரோட இருக்கேன்னு நம்புறாங்க. நீங்க ஒருத்தர்தான் மத்மசேல், நெஞ்சத் தொறந்து பாத்துட்டு சொல்றீங்க.”

வெளித்தையல்

ராஜேஸ்வரி அக்காவுக்கு மிஷினைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. மோட்டார் வைத்த தையல் மிஷினில் தைக்கலாமா என்று முதல் நாள் கேட்டார். தைக்கலாம் என்றேன். அதோடு சரி. அவர் கவலையெல்லாம் வேறு. ஜாக்கெட்டின் தோள்பட்டை சரியாக அந்த மேட்டின்மேல் உராய்ந்தது. இது டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, நான்கூடப் பொம்பளைதான். உள்பாடிப் பட்டையும் சங்கிலியும் பர்ஸும் இடிக்காமல், இடது பக்கம் உள்ளே மெத்தென்று ஒரு துணி வைத்து, தோள்பட்டையைக் கொஞ்சம் தள்ளி, ஒரு புது வெட்டு கண்டுபிடித்தார்.

அப்புறம் என்ன? செக்கப் நாளில் இஞ்சி டேப்போடு வந்து உட்கார்ந்துகொண்டார். பெஞ்சில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் அங்கேயே அளவெடுப்பு. நான் பேர் கூப்பிட்டால், இரு சிஸ்டர், கை அளவு மட்டும் பாக்கி என்பார். எத்தனையோ பெண்கள் வலிக்கிறது, குத்துகிறது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஜாக்கெட்டோடு நின்றது. எங்கள் டாக்டரே ஒரு நாள் வெளியே வந்து, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை.

“உள்ள நீங்க தெச்சீங்க, வெளிய நான் தெச்சேன். எது நல்லா உக்காந்திருக்குன்னு நீங்களே சொல்லுங்க சார்.”

தடைக்காலக் கூட்டம்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் கடலோர ஊர் ஜனம் அத்தனையும் வந்து நிற்கும். இரண்டு மாதம் படகு கரையில். இன்ஜினைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள், வலையைப் பிரித்துக் கட்டுவார்கள், அப்படியே பல், கண், குடலிறக்கம், முட்டிவலி என்று உடம்பையும் கொண்டுவந்து இறக்குவார்கள். மற்ற மாதங்களில் செத்தாலும் வரமாட்டார்கள். அவர்கள் காலண்டரில் வியாதிக்கென்று ஒதுக்கினது அந்த இரண்டு மாதம்தான். அஞ்சாபுலியும் அப்படித்தான். இந்த மிஷினும் தடைக்காலத்தில்தான் பழுதாகும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பத்தாவது வருஷத் தடைக்காலத்தில் வந்தார். பேட்டரி இன்னும் ஒரு வருஷம் வந்தால் அதிகம் என்று திரை சொன்னது. அதே நாள் முசேவுக்குப் பார்த்தால் இன்னும் மூன்று வருஷத்துக்குமேல் மிச்சம். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நாளில் வைத்தது, அதே கம்பெனி மிஷின், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அஞ்சாபுலி என்னிடம் வந்து நின்றார்.

பதில் எனக்குத் தெரியும். முசேவின் இதயம் பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்; மிஷின் எப்போதாவதுதான் தட்டும். அஞ்சாபுலியின் இதயம் தானாக ஒரு துடிப்புகூடத் தருவதில்லை. அத்தனையும் மிஷின் கொடுப்பது. அதனால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. இதை ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் உழைக்கிற ஆள், உழைத்தால் இதயம் வேகமாக ஓடும், பேட்டரி செலவாகும் என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்தேன். மூன்று மாதத்தில் மறுபடி வாங்க, மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை அவர் காதில் வாங்கவே இல்லை.

“அப்ப முசே மாதிரி நானும் உக்காந்தே இருந்தா, அடுத்த தடைக்காலம் வரைக்கும் ஓட்டிடலாம்னு சொல்லுங்க.”

நான் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

சண்டை போடாத புருஷன்

மூன்று மாதம் கழித்து முசே வந்தார், ராஜேஸ்வரி அக்கா வந்தார். அஞ்சாபுலி வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன் என்று போயிற்று. அவர்கள் இரண்டு பேரும் செக்கப் இல்லாத நாளில்கூட வந்து, அஞ்சாபுலி வந்தாரா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டாலே அந்த மனுஷன் பேட்டரி ஞாபகம்தான். பேட்டரி ஒரேயடியாக நிற்காது, முன்கூட்டியே எச்சரிக்கை காட்டும். அது வந்தபிறகு சில மாதம் அவகாசம் இருக்கும். ஆனால் எச்சரிக்கையை யார் பார்ப்பது? ஆள் வந்து படுத்தால்தானே தெரியும்.

கடைசியில் அவர் மனைவி பச்சையம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். பின்னால் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. நான் யாரென்று சொன்னதும், பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தவர்போலக் கொட்டித் தீர்த்துவிட்டார். அஞ்சாபுலி கடலுக்குப் போகிறார், ஆனால் படகில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்கிறார். வலையில் கை வைப்பதில்லை. கரைக்கு வந்தால் நேராக வந்து படுத்துவிடுகிறார். மாடிப்படி ஏறுவதில்லை. டிவியில் சிரிப்பு வந்தால் எழுந்து போய்விடுகிறார். ஏன் என்று கேட்டால், நம்ம சிஸ்டர்தான் சொன்னாங்க, உழைச்சா செலவாகும்னு, நான் மிச்சம் பிடிக்கறேன் என்கிறாராம்.

அவர் எவ்வளவு சும்மா படுத்திருந்தாலும் மிஷின் ஒவ்வொரு துடிப்பையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மிச்சம் என்று ஒன்றும் கிடையாது. நான் பூசி மெழுகிச் சொன்னதை வைத்து ஒரு மனுஷன் தன் வாழ்க்கையையே ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார். பச்சையம்மாவின் குரல் திடீரென்று உடைந்தது.

“இருவது வருஷமா தெனமும் சண்டை போடும் சிஸ்டர். இப்ப நான் இன்னா திட்டுனாலும் பேட்டரி போயிடும்னு சிரிச்சிட்டுப் படுத்துக்குது. எனக்கு பயமா இருக்குது.”

வட்டக் காந்தம்

எங்கள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன அரைகுறைப் பதிலையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தார். பெரிய வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்டிருக்கும். அதை மிஷின்மேல் வைத்தால், அந்த வகை மிஷின் ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் நிமிஷத்துக்கு நூறு. மாற்றும் காலம் வந்துவிட்டால் எண்பத்தைந்து. கம்ப்யூட்டர் வேண்டாம், கடிகாரமும் நாடி பிடிக்க மூன்று விரலும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன். நோணாங்குப்பம் பாலத்தில் சுற்றுலா ஜனம், படகு ஏற வரிசை. அதைத் தாண்டி, தவளக்குப்பம் ஜங்ஷனில் பச்சையம்மாவை ஏற்றிக்கொண்டு நல்லவாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அஞ்சாபுலி கரையில் படகு நிழலில் சாய்ந்து வலையின் கண்ணி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், செலவை நினைத்தோ என்னவோ மறுபடி உட்கார்ந்துகொண்டார். சட்டையை விலக்கச் சொல்லிக் காந்தத்தை வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். மணலில் உட்கார்ந்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். எண்பத்தைந்து. நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினேன். எண்பத்தைந்து.

டீசல் ரிசர்வுக்கு வந்துவிட்டது, நாளைக்கே வாருங்கள் என்றேன். சித்திரையில் தடைக்காலம், அதுவரை ஓட்டிவிடலாமே என்றார். ஓடாது என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலையையே பார்த்துக்கொண்டு, மறுபடியும் மூணு மாசம் கரையில நிக்க என்னால ஆகாது சிஸ்டர் என்றார். எந்த மூன்று மாதம் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அது வயர் புதுசாக வைத்ததற்கும், நகர்ந்ததற்கும். இப்போது வயருக்கு யாரும் கைவைக்கப்போவதில்லை. பழைய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டியை மாட்டித் தைப்பது மட்டும்தான். இரண்டு நாளில் வீடு. தையல் ஆறினால், டாக்டர் பார்த்துவிட்டுச் சில வாரத்தில் கடலுக்கு விட்டுவிடுவார். எங்கள் அறையில் இது தெரியாதவர்கள் ஒருத்தர்கூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததால் யாருமே அவரிடம் சொல்லவில்லை. சொன்னேன். அவர் கையில் இருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இவ்ளோதானா? இது தெரிஞ்சிருந்தா நான் தடைக்காலத்துலயே ஆபரேஷனுக்குப் படுத்திருப்பேனே சிஸ்டர், சமத்துப் புள்ள மாதிரி.”

தானாகத் துடிக்காதது

மறுநாள் காலை எட்டு மணிக்கு அஞ்சாபுலி ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார். அன்றைக்கு மத்தியானமே பெட்டி மாற்றினார்கள். வார்டில் படுத்திருந்தவரைப் பார்க்க முசே அந்துவான் வெள்ளைச் சட்டையில் வந்தார். ராஜேஸ்வரி அக்கா, ஆம்பளைச் சட்டைக்கும் அந்த மெத்தைத் துணி வைக்கலாம் என்று சொல்லி அளவெடுத்துக்கொண்டு போனார். பச்சையம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை மாதப் பாக்கிச் சண்டையை மெல்லிய குரலில் போட்டுக்கொண்டிருந்தார். இவரும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

தையல் ஆறி முதல் செக்கப்புக்கு வந்தார். எங்கள் சோதனையில் ஒரு கட்டம் உண்டு. மிஷினின் வேகத்தைச் சில நொடி மெல்ல மெல்லக் குறைத்து, அடியில் இதயம் தானாக எழுந்து துடிக்கிறதா என்று பார்ப்போம். அவருக்கு ஒவ்வொரு தடவையும் திரையில் கோடு படுத்துவிடும், எழுந்திருக்காது. நானும் சட்டென்று வேகத்தை ஏற்றிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பத்து வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அன்றைக்கும் கோடு படுத்தது. இனியும் மறைத்தால் அது பாவம் என்று தோன்றியது. சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினேன். உங்கள் இதயம் தானாக ஒரு துடிப்பும் தருவதில்லை, அத்தனையும் மிஷின்தான், அதனால்தான் செக்கப்பைத் தவறவே விடக்கூடாது, இதை முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அஞ்சாபுலி சட்டைப் பொத்தானை மெதுவாகப் போட்டு முடித்தார். அவர் உடைந்துவிடுவார், இல்லை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மேஜைமேல் இருந்த என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“தெரியும் சிஸ்டர். பின்ன எதுக்கு ஒரு துடிப்பக்கூட வீணாக்காம படுத்துக் கெடந்தேன்னு நெனச்சீங்க? ஒவ்வொரு தடவையும் அந்த எடம் வந்தா ஒங்க மூஞ்சி வெளுத்துடும், ஒடனே இன்னிக்கு வஞ்சிரம் இன்னா வெலன்னு கேப்பீங்க. நான் கேட்டா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல.”

இருபத்தாறு வருஷமாக, நோயாளிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.